கைக்குப் பதில் சொல்லும் ஒலி: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் கிட்டார்க் கலைஞர்களிடமிருந்து இம்முறை கடிதங்கள் அதிகம் வந்துள்ளன. தமக்குப் பிடித்த கிட்டாரின் ஒலிதான் தம்மைப் பாட்டமைக்கத் தூண்டுகிறது என்றும், பதிவு செய்ய உட்கார்ந்ததும் அந்த ஒலி கைநழுவிப் போகிறது என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே இழையில் கோக்கக்கூடிய ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்து வருகிறேன். ஆம்ப்ளிஃபையரில் இணைத்து நாலு முறை மீட்டினால் போதும், ஏதாவதொரு மெட்டு வந்து விழும். அதே கிட்டாரைக் கணினியில் இணைத்து ஹெட்போனில் கேட்டால் ஒலி தட்டையாகிவிடுகிறது. சில நிமிடங்களில் வாசிக்கும் ஆசையே போய்விடுகிறது. குறை என்னிடமா, கிட்டாரிடமா?

பதில்: இருவரிடமும் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி கிட்டாருக்குள்ளேயே முழுமை பெற்றுவிடுவதில்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். அதன்மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அந்த மின்னழுத்தம் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குச் சென்று, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைத்து, சுவர்களில் மோதித் திரும்பி உங்கள் காதுக்கு வந்து சேரும்போதுதான் நீங்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக நேசிக்கும் ஒலி உருவாகிறது. கணினியில் இணைத்தபோது இந்தச் சங்கிலியின் பின்பாதி முழுவதையும் கழற்றி வைத்துவிட்டீர்கள்.

முதலில் கேபிளை எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்று தனி உள்ளீடோ, ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இஸட்’ என்று குறித்த பொத்தானோ இருக்கும். அதன் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு, பெரும்பாலும் 10 லட்சம் ஓம் அளவில் இருக்கும். சாதாரண லைன் உள்ளீட்டிலோ அது பத்தாயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். மின்மறுப்பு குறையக் குறைய சுமை கூடும்; பிக்கப் போன்ற மெலிந்த மூலத்தின்மேல் அவ்வளவு பெரிய சுமையை ஏற்றினால், உச்ச ஒலிகள் மங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் ஆகிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், தவறான துளையில் பல வாரங்கள் செருகி வைத்துவிட்டு, தந்திகள் பழசாகிவிட்டன என்று நம்பி இரண்டு முறை புதுத் தந்தி மாற்றியவன் நான்.

அடுத்தது ஸ்பீக்கர். கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் உள்ள ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரிதும் விழுங்கிவிடும். ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பை நம் காதுக்கு இதமாக்குவது இந்தக் குறைபாடுதான். ஹெட்போனுக்கு அந்தக் குறைபாடு இல்லாததால், வடிகட்டாத ஒலி தகரத்தைச் சுரண்டுவது போல் வந்து விழுகிறது. ஆகவே மென்பொருளில் ஆம்ப்ளிஃபையரின் போலியை மட்டும் திறந்தால் போதாது. ஸ்பீக்கர் பெட்டியின் போலியையும் சேர்த்தே திறக்க வேண்டும். பலர் இந்த இரண்டாம் படியை விட்டுவிட்டு மென்பொருளைத் திட்டுகிறார்கள்.

மூன்றாவது, தாமதம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்ப்ளிஃபையரின் ஒலி பத்து மில்லிநொடி பிந்தித்தான் நம்மை எட்டுகிறது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்துக் கையாளும்; அந்தத் தொகுதியான பஃபரின் அளவை 512 மாதிரிகள் என்று வைத்து, 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) பதிவு செய்தால், உள்ளே செல்வதற்கே ஏறத்தாழ 10.7 மில்லிநொடி ஆகும்; வெளியே வருவதற்கும் அதே அளவு கூடினால், விரல் ஒரு கணத்திலும் ஒலி வேறொரு கணத்திலும் நிற்கும். அந்த இடைவெளியைக் காது பிரித்தறியாவிட்டாலும் கை அறிந்துகொள்ளும். உங்கள் ஆசை வடிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பதிவு செய்யும்போது மட்டும் பஃபரை 128க்கோ 64க்கோ குறைத்து, பதிந்த தடங்களைக் கலவை செய்யும்போது மீண்டும் உயர்த்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒலியின் அளவு. மெல்லிய ஒலியில் நம் காது கீழ் ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933-லேயே வரைபடமாக வெளியிட்டுவிட்டார்கள். நள்ளிரவில் அண்டை வீட்டாருக்கு அஞ்சி மெதுவாக வாசிக்கும்போது கிட்டார் நோஞ்சானாகத் தோன்றுவது இதனால்தான். போதாக்குறைக்கு, ஆம்ப்ளிஃபையரின் அருகில் நிற்கும்போது அதன் ஒலி காற்றின் வழியே திரும்பி வந்து தந்திகளையே அசைக்கும். நீட்டிய சுரம் அடங்காமல் உயிரோடு நிற்பதற்கு அதுவும் துணைசெய்கிறது. ஹெட்போனில் இந்த உறவு அறுந்துபோகிறது. இயன்றால், பகலில் ஒரு மணி நேரமாவது சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள். கூம்பின் நடுவை நோக்கி வைத்தால் ஒலி கூர்மையாகவும், விளிம்பை நோக்கி நகர்த்தினால் மென்மையாகவும் வரும்; இரண்டு விரற்கடை நகர்த்தினாலே வேறு கிட்டார் போலாகிவிடும். அது இயலாதவர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மானிட்டர் ஸ்பீக்கர்களின் எதிரே அமர்ந்து வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: மெட்டு முதலில் பிறக்க வேண்டும், ஒலியைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். எனக்கோ ஒலி பிடித்தால்தான் மெட்டே வருகிறது. இது கோணல் வழியா?

பதில்: உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் தாளில் எழுதும் இசையை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார், அந்த உலகில் அவர் சொல்வது சரி. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியும் மெட்டும் அவ்வளவு எளிதில் பிரிவதில்லை. ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கழுத்தருகே உள்ள பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, இரண்டாம் தந்தியில் ஒரு சுரத்தை மீட்டி, அது அடங்கும்வரை விரலை எடுக்காமல் இருங்கள். ஒலி மெழுகு போல் உருண்டு வரும். அடுத்த சுரத்துக்குக் கை அவசரப்படாது. இரண்டு மூன்று சுரங்களை இழுத்து இழுத்துப் பாடத் தோன்றும். இப்போது தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் அருகே உள்ள பிக்கப்புக்கு மாற்றி, டோனை முழுதும் திறந்து, அதே சுரத்தை மீட்டுங்கள். அது மிளகாயைக் கடித்தது போல் சுரீரென்று வரும், நீட்டினால் எரிச்சலூட்டும், கை தன்னையறியாமல் சிறு சிறு தாளத் துண்டுகளை வெட்டத் தொடங்கும். ஒரே விரல், ஒரே சுரம் என்றாலும் பிறக்கும் மெட்டுகள் இரண்டும் உடன்பிறந்தவை என்றே சொல்ல முடியாது.

இதற்குக் காரணம் தந்தியின் அதிர்விலேயே இருக்கிறது. பிரிட்ஜின் அருகே தந்தி மிகக் குறைவாகவே அசைவதால், அடிப்படைச் சுரம் அங்கே மெலிந்து, மேற்சுரங்கள் ஒப்பளவில் முந்திக்கொண்டு கேட்கின்றன; கழுத்தை நெருங்க நெருங்க அடிப்படைச் சுரம் வலுக்கிறது. கழுத்துப் பிக்கப் பல கிட்டார்களில் திறந்த தந்தியின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கில் அமைந்திருப்பதால், அடிப்படைச் சுரத்தைப்போல் நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட, அந்த இடத்தில் அசையாமல் நிற்கும் மேற்சுரம் அதன் காதில் விழுவதே அரிது. ஆக, பிக்கப் மாற்றும் விசையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் தந்தியை வேறோர் இடத்திலிருந்து ஒட்டுக்கேட்கிறீர்கள்.

ஒலியிலிருந்து இசையமைத்தவர்களுக்கு இந்தக் கருவியின் வரலாற்றில் பஞ்சமே இல்லை. யூ2 ராக் குழுவின் கிட்டார்க் கலைஞர் தி எட்ஜ் எதிரொலிக் கருவியைத் தம் வாசிப்பின் பாதியாகவே ஆக்கிக்கொண்டவர். நிமிடத்துக்கு 120 தட்டு என்னும் வேகத்தில் ஒரு தட்டின் அளவு 500 மில்லிநொடி. எதிரொலியை அதன் முக்கால் பங்கான 375 மில்லிநொடியில் வைத்துக்கொண்டு, தட்டுக்கு இரண்டு வீதம் நேராக மீட்டிப் பாருங்கள். நீங்கள் மீட்டாத இடைவெளிகளில் எதிரொலிகள் வந்து அமர்ந்து, கை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவது போல் ஒரு பின்னல் உருவாகும். அந்தப் பின்னலை முன்கூட்டியே மனத்தில் கற்பனை செய்வது கடினம். எதிரொலி ஓடும்போது கேட்டுக் கேட்டுத்தான் கண்டடைய முடியும். பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் அடர்த்தியான கார்டுகளை அங்கே வாசித்தால் எல்லாம் குழம்பிவிடும் என்பதால், இரண்டு தந்திகளில் எளிய சுரங்களைப் போடுமாறு அந்த ஒலியே உங்களைத் திருத்தும்.

பழுதிலிருந்து பிறந்த ஒலியும் உண்டு. 1961-ல் வெளியான ஒரு பாட்டுக்காக அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்த ஒலிப்பதிவில், கலவை மேசையின் ஒரு பகுதி கெட்டுப்போய், ஆறு தந்தி பேஸ் கிட்டாரின் ஒலி கரகரவென்று கிழிந்து வந்தது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். மறு ஆண்டே அந்தக் கிழிசலை வேண்டுமென்றே உண்டாக்கும், காலால் இயக்கும் ஃபஸ் பெடல், மேஸ்ட்ரோ எஃப்இஸட்-1 என்ற பெயரில் சந்தைக்கு வந்துவிட்டது. குயின் ராக் குழுவின் கிட்டார்க் கலைஞர் பிரையன் மே, தம் தந்தையுடன் சேர்ந்து 1963-ல் செய்யத் தொடங்கிய கிட்டாரைத்தான் வாழ்நாள் முழுவதும் முதன்மைக் கருவியாக வைத்திருக்கிறார். அதன் கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மரத்திலிருந்து வந்தது. பிளாஸ்டிக் பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுவார். அந்த நாணயத்தின் விளிம்பு தந்தியில் உரசும் சிறு ஒலி அவருடைய வாசிப்பில் கலந்தே இருக்கிறது. எனவே கோணல் வழியோ என்ற ஐயம் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: ஒலியால் பிறந்த மெட்டை மறுநாள் மின்சாரமே இல்லாமல், வெறும் தந்தியில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அப்போதும் முணுமுணுக்கத் தோன்றினால் மெட்டு தேறிவிட்டது. தோன்றாவிட்டாலும் எறிந்துவிட வேண்டியதில்லை. அதை முன்னிசைக்கோ இடையிசைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மென்பொருளில் நூற்றுக்கணக்கான ஆம்ப்ளிஃபையர்களும் பெடல்களும் இருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் பதினொன்றாகிவிடுகிறது. பதிவு செய்தது ஒன்றுமில்லை.

பதில்: ஒலி தேடும் மாலையையும் பதிவு செய்யும் மாலையையும் பிரித்துவிடுங்கள். தேடும் நாளில் மனம்போல் தேடி, பிடித்த நான்கைந்து ஒலிகளைப் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள்; பதிவு செய்யும் நாளில் அவற்றுக்கு வெளியே போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஒலிப்பதிவின் முன்னோடிகளில் ஒருவரான லெஸ் பால், 1948-ல் வெளியான ஒரு பாட்டில் எட்டு கிட்டார்ப் பகுதிகளையும் தாமே வாசித்து, தம் வீட்டு கராஜில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒலிநாடாகூட இல்லை, ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனுடன் வாசித்து, இரண்டையும் அடுத்த தட்டில் பதிய வேண்டும். எட்டாவது அடுக்கில் பிழை நேர்ந்தால் பின்னால் போய்த் திருத்த வழியில்லை. அத்தகைய நெருக்கடியை நாமே கொஞ்சம் வரவழைத்துக்கொள்வதில் தவறில்லை.

இன்னொரு பழக்கமும் உதவும். ஒலி மனத்துக்குப் பிடித்த மறு நிமிடமே, மெட்டு உருவாகவில்லை என்றாலும், பதிவுப் பொத்தானை அழுத்திவிடுங்கள். அதோடு பெடல் எதுவும் கலக்காத தூய கிட்டார் ஒலியையும் தனித் தடத்தில் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் மனம் மாறினால் அதே வாசிப்பை வேறு ஆம்ப்ளிஃபையர் போலியில் செலுத்திக்கொள்ளலாம். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் அருகே நின்றால் போதும். 24 பிட் பதிவில் அதற்குமேல் முட்டித் தள்ள வேண்டிய தேவையே இல்லை. குமிழ்களின் நிலையைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். ஓரிரவு, நடுப் பிக்கப்பிலும் பாதி மூடிய வால்யூமிலும் எனக்கு வந்த ஒரு மெட்டை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் சுரங்கள் நினைவில் இருந்தன, ஒலி இல்லை. வால்யூம் ஆறில் இருந்ததா ஏழில் இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. மெட்டும் அரைகுறையாகவே கிடக்கிறது.

கேள்வி: என் கிட்டாரில் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்கள் உள்ளன. ஒலி தேன், ஆனால் கணினி முன்னால் அமர்ந்தால் ‘ம்ம்’ என்ற இரைச்சல். ஹம்பக்கருக்கு மாற்றிவிடலாமா?

பதில்: தேன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, ஏன் மாற்ற வேண்டும்? அந்த இரைச்சல் வீட்டு மின்சாரத்திலிருந்து வருகிறது. அதன் அதிர்வெண் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அவற்றின் மடங்குகளும். எதிர்த் திசையில் இயங்கும் இரு சுருள்களை இணைத்து இதை ஒழிக்கும் ஹம்பக்கருக்கு கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் காப்புரிமை கோரினார். ஆனால் இரைச்சலோடு சேர்த்து, சிங்கிள் காயிலின் பளபளப்பிலும் ஒரு பகுதியை அது எடுத்துக்கொண்டுவிடும். முதலில், பதிவு நிலையில் கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியோடு மெல்லச் சுழன்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அந்தத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளி குறைக்கும் டிம்மர் விளக்குகளை அணைத்துவிடுங்கள். மின்மாற்றிகளை விட்டு எட்ட அமருங்கள். மூன்று பிக்கப் கொண்ட கிட்டாராக இருந்து, நடுப் பிக்கப் எதிர்த் திசையில் சுற்றப்பட்டதாகவும் இருந்தால், விசையின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் தானாகவே நீங்கும்.

கேள்வி: தனியாகக் கேட்கும்போது என் கிட்டார் ஒலி மெய்சிலிர்க்க வைக்கிறது. டிரம்ஸ், பேஸ், பாடகரின் குரல் எல்லாம் சேர்ந்ததும் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒலியைக் கூட்டினால் குரல் மூழ்கிவிடுகிறது.

பதில்: தனியறையில் பிரமாதமாக இருக்கும் ஒலி பெரும்பாலும் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒலியாகும். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதற்குக் கீழே நீங்கள் கேட்பது பெரும்பாலும் உள்ளங்கை தட்டும் சத்தமும் அறையின் உறுமலுமே. 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிட்டால் பேஸ் கிட்டாருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பிறகு டிஸ்டார்ஷனை நீங்கள் விரும்பும் அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். மிகுதியான டிஸ்டார்ஷன் மீட்டலின் முனையை மழுக்கி, கலவைக்குள் ஒரு மூடுபனியாகப் பரவிவிடும். அறை முழக்கத்தைச் சேர்க்கும் ரிவெர்பும் அப்படியே. தடிமன் வேண்டுமென்றால், அதே பகுதியை இரண்டு முறை உண்மையாகவே வாசித்து இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாக வையுங்கள்; ஒரே வாசிப்பை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அது நடுவிலேயே நிற்கும், அகலம் வராது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலவைக்கு ஏற்ற மெலிந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே வாசித்தால் உற்சாகம் குன்றிவிடும். ஆகவே வாசிக்கும்போது கொழுத்த ஒலியையே கேட்டு வாசியுங்கள். மெலிய வைப்பதைக் கலவையின்போது, கிட்டாரைக் கையில் எடுக்காத ஒரு நாளில் செய்யுங்கள். கையில் கிட்டார் இருந்தால் அதன் ஒலியைக் குறைக்க ஒருவருக்கும் மனம் வராது.

கேள்வி: என் பழைய கிட்டாரின் வால்யூம் குமிழ் கரகரக்கிறது. பழுது பார்க்கக் கொடுத்தால் எனக்குப் பிடித்த ஒலி மாறிவிடுமோ என்று அஞ்சிப் பல மாதங்களாகத் தள்ளிப்போடுகிறேன்.

பதில்: மாறக்கூடும், ஆனால் தடுக்க முடியும். பெரும்பாலான கரகரப்பு தூசியால் வருவதே; மின் தொடர்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தை உள்ளே சிறிது பீய்ச்சி, குமிழை இருபது முப்பது முறை முழுதாகத் திருப்பினால் பல வேளைகளில் சரியாகிவிடும். அதற்கும் மசியாமல் மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையது என்ன அளவோ அதே அளவையே போடச் சொல்லுங்கள். சிங்கிள் காயிலுக்குப் பொதுவாக 250 ஆயிரம் ஓமும், ஹம்பக்கருக்கு 500 ஆயிரம் ஓமும் வழக்கம். ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றினால் உச்ச ஒலி கூர்மையாகவோ மங்கலாகவோ மாறுவதைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பிக்கப் நிலையிலும் ஒரே சிறு பகுதியை, பெடல் எதுவும் இல்லாமல், அதே கேபிளில் வாசித்துப் பதிந்து வையுங்கள். கேபிளும் முக்கியம், அது மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்குதிறனைச் சேர்ப்பதால், மூன்று மீட்டருக்குப் பதிலாக ஆறு மீட்டர் கேபிளைப் போட்டாலே ஒலி சற்று மங்கும், பிறகு பழுது பார்த்தவரைக் குற்றம் சொல்ல நேரும். கழற்றிய பாகங்களை அவரிடமிருந்து கேட்டு வாங்கி, ஓர் உறையில் இட்டு, கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.